கறள் பிடிக்காத கிறிலில் கறள் ஏன்? – வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

முதலில் ஒரு பிழைதிருத்தம். சென்ற இதழில் தாண்டல் மூலகங்களை, அதாவது டி என்ற இலத்திரன் அறைகள் அணுவிலோ அயனிலோ முழுதாக நிரம்பாத இரும்பு, குரோமியம் போன்ற உலோகங்களை, வரிசையாகச் சொல்லிக்கொண்டு போன வேகத்தில் நாகம் (சிங்க்) என்ற உலோகத்தையும் அதே கூடைக்குள் போட்டுவிட்டேன். இதழ் கடைக்கு வந்த அன்றே பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் உயர்தர மாணவன் எழுதிவிட்டான்: "சேர், நாகத்தின் டி உபசக்தி மட்டம் முழுதாக நிரம்பியிருக்கிறது. சோதனையில் நான் இப்படி எழுதினால் நீங்கள் புள்ளி தருவீர்களா?"

தரமாட்டேன் தம்பி. நாகம் இரண்டு இலத்திரனைக் கொடுத்துவிட்டு அயனானாலும் அதன் டி ஒபிற்றல்களில், அதாவது அந்த அறைகளில், இலத்திரன் பத்தும் பத்தாகவே இருக்கும். அதனால்தான் அதன் உப்புக்கள் பெரும்பாலும் வெள்ளை, அதன் ஒட்சியேற்ற எண்ணும் (எத்தனை இலத்திரனை விட்டுக்கொடுத்தது என்ற கணக்கு) இரண்டை விட்டு அசைவதில்லை. டி தொகுப்புக்குள் வீடு இருக்கிறது, தாண்டல் குடும்ப அட்டையில் பெயர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் இதையே எழுதிய கைக்கு இது வெட்கம்தான்.

இனி இந்தமுறைக் கடிதங்கள். பிரித்து மேசையில் பரப்பியபோது ஒன்றைக் கவனித்தேன். கிறில், கழிவறை, நகை, கமெரா என்று எங்கெங்கோ சுற்றினாலும் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளில் ஒரே ஆள்தான் ஒளிந்திருக்கிறார்: குளோரின். அவரும் தனியாக வரவில்லை. பெரும்பாலும் ஏதாவதொரு தாண்டல் உலோகத்தைக் கூடவே அழைத்துக்கொண்டுதான் வருகிறார்.

கேள்வி: கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். போன ஆடியில் பல்கனிக்குச் சில்வர் கிறில் போட்டோம். "கறளே பிடிக்காது, பாருங்கள் காந்தம்கூட ஒட்டாது" என்று காந்தத்தை வைத்துக் காட்டித்தான் வேலை செய்தவர் காசு வாங்கினார். ஒரு வருடம் ஆகவில்லை, பிளேன்ரீ ஊற்றியதுபோல் பழுப்பாக வழிகிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? (இல்லத்தரசி, வெள்ளவத்தை)

அம்மா, ஏமாற்றினார்கள் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் காந்தத்தைக் காட்டியதால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று சொல்லலாம்.

நாம் சில்வர் என்று சொல்வது வெள்ளியே அல்ல, இரும்பு. பாடப்புத்தகத்தில் கறையில் உருக்கு என்று இருக்கும். அந்த இரும்புக்குள் குறைந்தது பத்தரை வீதமாவது குரோமியம் கலந்திருக்க வேண்டும். குரோமியம் காற்றைக் கண்டதும் ஒட்சிசனோடு சேர்ந்து உருக்கின் மேலே ஒரு தோலைப் போர்த்துவிடும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்து அதில் இரண்டு மூன்று பங்கை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் தோலின் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாது. கீறினால் அந்த இடத்தில் தானாகவே மறுபடி வளரும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு உருக்குத் தேடியபோது இது அவர் கையில் சிக்கியது. உங்கள் குசினியில் இருக்கும் கரண்டியைக் காப்பாற்றுவதும் இதே தோல்தான்.

சரி, பிறகு ஏன் பழுக்கிறது? உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரெயில் பாதை மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அலை உடையும்போது பறக்கும் நுண்துளி காற்றோடு வந்து கிறிலில் குந்தும். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தங்கும். இரவில் ஈரக்காற்று அடித்தால் அதே உப்பு ஈரத்தை உறிஞ்சி மறுபடி துளியாகும். இப்படி நாளுக்கு நாள் உப்புக் கூடிக்கொண்டே போகும். அந்தத் துளிக்குள் இருக்கும் குளோரைட்டு அயன் குரோமியத் தோலின் பலவீனமான புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே தோலை வளரவிடாமல் செய்துவிடும். ஊசிமுனை அளவு இடம் போதும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கெட்டித்தனம். துளைக்குள் இரும்பு கரைந்து நேர் அயன்களாகும். அந்த ஏற்றத்தைச் சமப்படுத்த வெளியிலிருந்து இன்னும் குளோரைட்டு உள்ளே இழுபடும். கரைந்த இரும்பும் குரோமியமும் தண்ணீரோடு தாக்கம் புரிந்து துளைக்குள் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக் கூடத் துளை ஆழமாகும். குளோரைட்டு இதில் செலவாவதே இல்லை. வட்டிக்குக் கொடுத்தவர் மாதிரி, முதல் அப்படியே இருக்க வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விடயம் மட்டுமில்லை. வீட்டு மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டில் சில்வர்க் கைபிடி ஒன்று போட்டேன். வாத்தியார் வீட்டில் கறள் என்றால் தெருவே சிரிக்கும் என்று ஒருநாள் முத்திரை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் குந்தினேன். பழுப்பு வழிந்த கோட்டின் தலைப்பில், மணல் பருக்கையைவிடச் சிறிதாக, கறுப்பாக ஒரு துளை. அதைச் சுற்றி உலோகம் பளபளவென்றுதான் இருந்தது. கறள் துளையின் வாயிலிருந்து கீழே வடிந்திருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் பார்த்தேன். மழை நேராக விழும் மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. மழை படாத அடிப்பக்கமும் கம்பி கம்பியோடு ஒட்டவைத்த மூலைகளும்தான் பழுத்திருந்தன. மழை உப்பைக் கழுவிவிடும், அடிப்பக்கத்தைக் கழுவ யாரும் இல்லை. உங்கள் கிறிலிலும் போய்ப் பாருங்கள், கூரைக்கு உள்ளே இருக்கும் பக்கம்தான் மோசமாக இருக்கும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். சந்தையில் 304 என்று ஒரு வகை உண்டு. அதில் ஏறக்குறைய 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 316 என்ற வகையில் அவற்றோடு இரண்டு மூன்று வீதம் மொலிப்டினமும் உண்டு. இந்த இரண்டிலும் காந்தம் ஒட்டாது அல்லது லேசாகத்தான் ஒட்டும். நிக்கலே இல்லாத 430இல் நன்றாக ஒட்டும். ஆகவே காந்தம் 430ஐப் பிடித்துத் தரும். 304ஐயும் 316ஐயும் பிரித்துச் சொல்லாது. ஆனால் கடல் வாயிலில் வித்தியாசமே அந்த மொலிப்டினத்தில்தான் இருக்கிறது. குளோரைட்டுத் துளை போடுவதை அது தடுத்துத் தாமதப்படுத்தும். 304 உள்நாட்டில் இருக்கும் வீட்டுக்கு நல்ல பொருள், கடலுக்கு முன்னால் போதாது. வேலைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி "காந்தம் ஒட்டுமா" அல்ல, "எத்தனையாம் நம்பர்" என்பதுதான்.

இருப்பதைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். கிழமைக்கு ஒருமுறை பைப் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுத் துணியால் துடையுங்கள், அடிப்பக்கத்தை மறக்காமல். பழுத்த இடத்துக்குத் தேசிப்புளி நல்லது. சித்திரிக்கமிலம் கறளைக் கரைக்கும், குரோமியத் தோல் திரும்ப வளரவும் உதவும். தேய்த்த பிறகு தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே தனியாகக் கறள் பிடிக்கும். பிளீச் கரைசலாலும் துடைக்காதீர்கள். அதிலும் குளோரின் ஒளிந்திருக்கிறது, எந்த வடிவில் என்பது அடுத்த கடிதத்தில்.

கேள்வி: கழிவறை மஞ்சள் கறை போகவில்லை என்று கறை போக்கும் அமிலத்தை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சையும் ஊற்றினேன். மூச்சு அடைத்துக் கண் எரிந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். என்ன நடந்தது? (மட்டக்குளி)

நீங்கள் ஓடிவந்ததுதான் அன்று நடந்த நல்ல காரியம், தங்கச்சி.

பிளீச் போத்தலில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. கழிவறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக்கமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியே வரும். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை காற்றில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைப்போல் இரண்டரை மடங்கு பாரம், ஆகவே கீழேயே தங்கும். யன்னல் இல்லாத சிறிய கழிவறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில்.

இனிமேல் ஒன்றைப் போட்டால் தண்ணீர் விட்டு முழுதாக அலசிய பிறகுதான் மற்றது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தோடும் பிளீச்சைச் சேர்க்கவேண்டாம், அதிலிருந்து வேறு நச்சு வாயுக்கள் வரும். இருமல் நிற்காவிட்டால், மூச்சு இழுத்தால், தாமதிக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்சை எடுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவலுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. சில மணித்தியாலம் கழித்து நெஞ்சு இறுகினாலும் வைத்தியரிடம் போகவேண்டும், "நேற்றே சரியாகிவிட்டது" என்று இருந்துவிடக்கூடாது.

சரித்திரத்தில் முதன்முதல் குளோரினைத் தனியாக எடுத்தவரும் ஏறத்தாழ உங்கள் வேலையைத்தான் செய்தார். 1774இல் சுவீடனில் ஷேலே என்ற மருந்துக்கடைக்காரர் மங்கனீசீரொட்சைட்டுக் கல்லின் மேல் ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். மங்கனீசு தாண்டல் உலோகம், நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கிக்கொண்டு குளோரைட்டிடமிருந்து இலத்திரனைப் பிடுங்கியது. வந்தது ஒரு மூலகம் என்று அவருக்கே தெரியாது. அதைச் சொல்லி 1810இல் பெயர் வைத்தவர் ஹம்பிரி டேவி.

கேள்வி: அலசன்களில் (புளோரின், குளோரின், புரோமின், அயடின் குடும்பம்) இலத்திரன் நாட்டம் கூடியது குளோரினுக்கு. ஆனால் வலிமைகூடிய ஒட்சியேற்றும் கருவி புளோரின். ரியூசன் குறிப்பில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதித் தந்தார்கள், காரணம் தரவில்லை. (உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை)

பிள்ளை, இரண்டும் வேறு வேறு கேள்விகள். அதைச் சொல்லாமல் குறிப்பை மட்டும் தந்தால் குழம்பத்தான் செய்யும்.

இலத்திரன் நாட்டம் என்பது தனியாக நிற்கும் ஒரு வாயு அணு ஓர் இலத்திரனை ஏற்றுக்கொள்ளும்போது வெளிவிடும் சக்தி. குளோரினுக்கு மூலுக்கு 349 கிலோயூல், புளோரினுக்கு 328. புளோரின் ஓட்டோ மாதிரி. பின்சீற்றில் ஏற்கெனவே ஏழு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும்போது எட்டாமவர் ஏறினால் சாரதிக்குக் காசு கிடைக்கும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். குளோரின் காலி வீதியில் ஓடும் 101ஆம் இலக்க பஸ். அதே ஏழு பேர் தாராளமாக இருப்பார்கள், எட்டாமவர் ஏறியதே தெரியாது. அந்த இடிபாட்டில் போகும் சக்திதான் புளோரினின் எண்ணைக் குறைக்கிறது.

ஒட்சியேற்றும் வலிமை என்பது தண்ணீர்க் கரைசலில் நடக்கும் முழுக் கதை. முதலில் மூலக்கூறு இரண்டு அணுவாகப் பிரியவேண்டும். புளோரின் பிணைப்பை உடைக்க 159 கிலோயூல் போதும், குளோரினுக்கு 243 வேண்டும். ஓட்டோவுக்குள் இருந்த அதே நெருக்கடி இங்கே உதவிக்கு வருகிறது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சின்ன அணுக்களின் தனிச்சோடி இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும். கடைசியில் உண்டாகும் புளோரைட்டு அயன் மிகச் சிறியது, தண்ணீர் மூலக்கூறுகள் அதை இறுக்கிச் சுற்றிக்கொள்ளும். அந்த நீரேற்றச் சக்தி பெரிது. மூன்றையும் கூட்டிக் கழித்தால் புளோரின் வெகுதூரம் முன்னால் நிற்கும்: இலத்திரனைப் பிடுங்கும் பலத்தின் அளவான நியமத் தாழ்த்தல் அழுத்தம் 2.87 வோல்ற்று, குளோரினுக்கு 1.36, புரோமினுக்கு 1.07, அயடினுக்கு 0.54. கொம்பு முளைத்த இந்தப் புளோரினைத் தனியே பிரிக்கப் பலர் முயன்று நஞ்சேறினார்கள், சிலர் இறந்தே போனார்கள். 1886இல் மொய்சான் பிரித்தார், 1906இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

விடைத்தாளில் ஓட்டோவை எழுதிவிடாதே. "சிறிய அணுப் பருமன், இலத்திரன்களுக்கிடையிலான தள்ளுகை" என்று எழுது.

கேள்வி: அயடின் சூடாக்கினால் திரவமாகாமல் நேரே ஆவியாகும் என்பது சரிதானே? (தெஹிவளை)

இல்லை. 114 பாகை செல்சியசில் உருகும், 184 பாகையில் கொதிக்கும். உருகமுன்பே ஊதா ஆவி நிறைய வந்து கண்ணை மறைத்துவிடுவதால் திரவத்தை யாரும் கவனிப்பதில்லை. நானும் பல வருடம் தவறாகத்தான் படிப்பித்தேன்.

கேள்வி: நைத்திரிக்கமிலத்தில் பொன் அசையாது, ஐதரோகுளோரிக்கமிலத்திலும் அசையாது. இரண்டையும் கலந்தால் கரைகிறது. நாற்பது வருடமாக இதைக் கண்ணால் பார்க்கிறேன், ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை. (நகைத் தொழிலாளி, செட்டியார் தெரு)

ஐயா, உங்கள் கையில் இருக்கும் அனுபவத்துக்கு முன்னால் நான் பேசுவதே அதிகம். என்றாலும் கேட்டுவிட்டீர்கள்.

பொன்னிடமிருந்து இலத்திரனைப் பிடுங்க மிகுந்த பலம் வேண்டும். எண்ணில் சொன்னால் 1.50 வோல்ற்று. நைத்திரிக்கமிலத்தின் பலம் நியம நிலையில் ஒன்றுக்குக் கிட்டத்தான் வரும். பொன் அணு ஒன்று இரண்டு எப்படியோ அயனானாலும் உடனே திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஐதரோகுளோரிக்கமிலத்துக்குப் பொன்னை ஒட்சியேற்றும் சக்தியே இல்லை, ஆனால் அதில் குளோரைட்டு நிறைய உண்டு. பொன் அயன் வெளியே வந்த கணத்தில் நான்கு குளோரைட்டுக்கள் நாலு பக்கமும் பிடித்து ஒரு சிக்கலயனாக்கிவிடும். திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடும். அப்படி அடைபட்டதும் தேவைப்படும் பலம் 1.50இலிருந்து ஏறத்தாழ 1.00 வோல்ற்றுக்கு இறங்கும். இப்போது நைத்திரிக்கமிலத்தால் முடியும். ஒருவர் இழுக்க மற்றவர் பிடிக்க, பொன் மாட்டிக்கொள்கிறது. மூன்று பங்கு ஐதரோகுளோரிக், ஒரு பங்கு நைத்திரிக் என்று உங்களுக்கு வாத்தியார் சொல்லத் தேவையில்லை.

வெள்ளி கூடுதலாகக் கலந்த துண்டைப் போட்டால் மேலே வெள்ளையாகப் படிந்து பாதியில் வேலை நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் குளோரைட்டின் கைவரிசைதான். வெள்ளிக் குளோரைட்டுத் தண்ணீரில் கரையாது, பொன்னைப் போர்வைபோல் மூடிவிடும். அதே அமிலத்தின் அதே அயன் ஓர் உலோகத்தைக் கரைக்கிறது, மற்றதை மூடிவைக்கிறது.

இந்த இரண்டு அமிலக் கலவைக்குப் பெயர் இராச திராவகம். அதைப் பற்றி ஒரு கதை. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனுக்குள் வந்தபோது நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் வொன் லாவே, ஜேம்ஸ் பிராங் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது அப்போது பெரிய குற்றம், பதக்கத்தில் பெயர் வேறு பொறித்திருந்தது. அங்கே வேலைசெய்த ஜோர்ஜ் டி ஹெவெசி இரண்டையும் இராச திராவகத்தில் கரைத்துப் போத்தலை இறாக்கையில் வைத்துவிட்டார். வந்து தேடியவர்கள் அந்த மஞ்சள் திரவத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு பொன்னை வீழ்படிவாக்கி எடுத்து அனுப்ப, நோபல் மன்றம் பதக்கங்களைத் திரும்ப வார்த்துக் கொடுத்தது. செய்கூலி கேட்டார்களா என்பது உங்களைப் போன்றவர்களுக்கு வரக்கூடிய கேள்வி!

பட்டறையில் புகை போக வழி வையுங்கள் ஐயா. அந்தச் செம்பழுப்புப் புகை நைதரசனீரொட்சைட்டு. நாற்பது வருடம் பழகிவிட்டது என்று நெஞ்சு சொல்லாது.

கேள்வி: நீலக்கல், மாணிக்கம், புஷ்பராகம் மூன்றும் ஒரே கல் என்று இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் மாமா சொல்கிறார். கெவுடக் கல்லைச் சூளையில் வைத்தால் நீலமாகுமாம். உண்மையா? (கொள்ளுப்பிட்டி)

மாமா சொல்வது சரி. மூன்றும் குருந்தம். அலுமினியமும் ஒட்சிசனும் மட்டும் சேர்ந்தது, சுத்தமாக இருந்தால் நிறமே இராது. ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அது நம்முடைய குருந்தம் போய்ச் சேர்ந்த சொல்தான்.

நிறத்தைத் தருவது உள்ளே புகுந்த தாண்டல் உலோகத்தின் துளி. குரோமியம் புகுந்தால் மாணிக்கம். இரும்பு தனியாக மூன்றாம் ஒட்சியேற்ற நிலையில் இருந்தால் மஞ்சள் புஷ்பராகம். இரும்பும் தைத்தேனியமும் பக்கத்துப் பக்கத்தில் அகப்பட்டால் நீலம். இந்த நீலம் ஒரு விசித்திரம். ஓர் அணுவுக்குள் இலத்திரன் மேலே கீழே தாவுவதால் வருவதல்ல, இரும்பிலிருந்து பக்கத்துத் தைத்தேனியத்துக்கு மதில் பாய்வதால் வருவது. பாய்வதற்கு வேண்டிய சக்தியை மஞ்சள், செம்மஞ்சள் ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ளும், மிச்சம் நம் கண்ணுக்கு நீலம்.

கெவுட பால்போல் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அதற்குள் தைத்தேனியம் தனியாக ஊசி ஊசியாகப் பிரிந்து கிடப்பது. ஒட்சிசன் குறைந்த சூளையில் 1,500 பாகைக்கு மேல் வைத்தால் ஊசிகள் கல்லுக்குள் கரையும், இரும்பும் மூன்றிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கும். ஜோடி சேர்ந்ததும் நீலம் பிறக்கும். 1970களில் இதைப் புரிந்துகொண்ட தாய்லாந்து வியாபாரிகள் இரத்தினபுரிப் பக்கம் வந்து கெவுடவை மலிவாக வாங்கிப் போனார்கள். நம்மவர்கள் அதை வீட்டுத்தோட்டத்துக்கு அலங்காரமாகப் போட்டிருந்த காலம் அது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

மாமாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மாணிக்கத்தைச் சிவப்பாக்கும் அதே குரோமிய அயன்தான் மரகதத்தைப் பச்சையாக்குகிறது, எப்படி என்று. மாணிக்கத்தில் சுற்றியிருக்கும் ஒட்சிசன்கள் குரோமியத்தை இறுக்கமாகப் பிடித்திருக்கும், மரகதத்தில் பிடி கொஞ்சம் தளர்வு. டி ஒபிற்றல்களுக்கு இடையிலான இடைவெளி சற்று மாறினால் விழுங்கும் ஒளியும் மாறும்.

கேள்வி: கோழிக்கூடு கழுவக் கொண்டீஸ் கரைத்தேன். விரலெல்லாம் மண்ணிறமாகிவிட்டது, சவர்க்காரத்துக்குப் போகவில்லை. (அவிசாவளை வீதி)

ஊதா நிறப் பரமங்கனேற்று உங்கள் தோலை ஒட்சியேற்றிவிட்டு மங்கனீசீரொட்சைட்டாகப் படிந்திருக்கிறது. விற்றமின் சீ மாத்திரை ஒன்றை நொறுக்கித் தண்ணீரில் குழைத்துத் தேயுங்கள், தேசிப்புளியும் ஓரளவு செய்யும். அடுத்தமுறை கையுறை.

கேள்வி: சோற்றில் உப்பும் தேசிப்புளியும் போட்டு நீலமானால்தான் உப்பில் அயடின் இருக்கிறதாம். எங்கள் உப்பு நீலமாகவில்லை, மாற்றவா? (தெமட்டகொடை)

மாற்றவேண்டாம். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம். ஈரவலயத்தில் கழலை நோய் கூடுதலாக இருந்தது ஒரு காரணம். ஆனால் சேர்ப்பது அயடின் மூலகமல்ல, பொற்றாசியம் அயடேற்று. நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அயடைட்டைவிட அது நின்றுபிடிக்கும். மாப்பொருளை நீலமாக்குவது அயடின் மூலகம். அயடேற்றை அயடினாக்க அயடைட்டும் அமிலமும் சேர்க்கவேண்டும், முறையான சோதனைத் திரவத்தில் அவை இருக்கும். சோற்றுத் தட்டில் தேசிப்புளியின் அமிலம் உண்டு, அயடைட்டு இல்லை. ஆகவே நீலமாகாதது உப்பின் குற்றமல்ல, சோதனையின் குற்றம். உப்பை மூடியுள்ள போத்தலில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: கமெராப் பெட்டிக்குள் போட்ட சிறு பையில் நீலப் பருக்கைகள் இருந்தன. இப்போது றோஸ் நிறமாகிவிட்டன. பழுதாகிவிட்டதா? (பொரளை)

பழுதாகவில்லை, வயிறு நிரம்பிவிட்டது. பருக்கை சிலிக்கா ஜெல், அது ஈரத்தை உறிஞ்சும். நிறம் அதில் ஏற்றிவிட்ட கோபாற்றுக் குளோரைட்டினுடையது. ஈரம் இல்லாதபோது கோபாற்றைக் குளோரைட்டு பிடித்திருக்கும், நீலம். தண்ணீர் வந்ததும் ஆறு மூலக்கூறுகளாகச் சூழ்ந்து குளோரைட்டை விலக்கிவிடும், றோஸ். உயர்தர வகுப்பில் கோபாற்றுக் கரைசலுக்குச் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் விட்டு நீலமாக்கிக் காட்டுவதும், தண்ணீர் விட்டு மறுபடி றோஸ் ஆக்குவதும் இதே இழுபறிதான். பரிசோதனைக் குழாயைச் சுடுநீரில் வைத்தால் நீலம், பனிக்கட்டியில் வைத்தால் றோஸ். பின்வாங்குக்காரப் பையன்கள்கூட அன்று மட்டும் எழுந்து முன்னால் வருவார்கள்.

பருக்கைகளைப் பழைய தகர மூடி ஒன்றில் பரப்பிச் சிறு நெருப்பில் வைத்தால் மறுபடி நீலமாகும். சமைக்கும் சட்டி வேண்டாம், கோபாற்று நஞ்சு. குழந்தைகள் கையிலும் கொடுக்கவேண்டாம். அதனால்தான் இப்போது செம்மஞ்சள் நிறப் பருக்கைகள் பரவலாக வருகின்றன, அவற்றில் கோபாற்று இல்லை.

உங்கள் கடிதம் வந்ததும் என் அலுமாரியில் கிடந்த ஒரு பையை எடுத்துச் சூடாக்கிப் பார்த்தேன். மூடியின் ஓரத்துப் பருக்கைகள் முதலில் ஊதாவாகிப் பிறகு நீலமாகின, நடுவில் இருந்தவை பிடிவாதமாகக் கொஞ்ச நேரம் றோஸாகவே கிடந்தன. எல்லாம் மாறியதும் சாசரில் கொட்டி, வேண்டுமென்றே மூடாமல், யன்னலோரம் வைத்துவிட்டுத்தான் இந்தப் பதில்களை எழுதக் குந்தினேன். காலையில் வைத்தது. இப்போது மாலை ஐந்து மணி, மழை இருட்டு. கடல் பக்கமாக இருக்கும் பருக்கைகள் றோஸாகத் தொடங்கிவிட்டன.